டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த சம்மன்

வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எழுதிய கடிதம் இது. ஒன்பது பக்கம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

“என் கணவர் ராணுவத்தில் நாயக். சேர்ந்து 11 வருடம் ஆகிறது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தேன், ஒன்றரை வருடம் கூட வரவில்லை. இப்போது லடாக்கில் இருக்கிறார். மாமனார், மாமியாரோடு நானும் மூன்றரை வயது மகளும் இருக்கிறோம். அவர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாததால் குளிக்கப் போகும்போதும் செல்போனை பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். நாலு நாள் பேசவில்லை என்றால் டி.வி.யில் செய்தி சேனலை விட்டு நகரமாட்டேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. ஆறு கிலோ இளைத்துவிட்டேன்.

“அவருடைய ஏடிஎம் கார்டு மாமியாரிடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பால் வாங்கவும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். போன லீவில் வந்தபோது மகள் அவரிடம் போகவே இல்லை. ‘இவர் வேணாம், ஃபோன் அப்பா வேணும்’ என்று அழுதாள். அவர் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார்.

“மூன்று வாரத்துக்கு முன் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பூர்வீகக் கிணற்றுக்குப் போகும் பாதை தனக்கு மட்டும்தான் என்று அவருடைய பெரியப்பா மகன், மாமனார் மேலும் இவர் மேலும் கேஸ் போட்டிருக்கிறார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மாமனார், ‘அவன் லீவுல வரட்டும், பாத்துக்கலாம்’ என்கிறார். மலை மேல் நிற்கிற மனுஷனிடம் இதைச் சொல்லி மனசைக் கலைக்கக் கூடாது என்று, அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய யூனிஃபார்முக்கு அடியில் வைத்துவிட்டேன். யூனிட்டுக்கு எழுதினால் அவர் பிரமோஷன் கெடும் என்கிறார்கள். பேசாமல் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிவிடலாமா? சில நாள், காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே சம்மன் விஷயமாக நான்கு வரி பதில் அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும். இதே நிலையில் இருக்கும் மற்ற பெண்களும் படிக்கட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர். என் கணவரும் ராணுவத்தில் 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வடகிழக்கில் இருந்த காலத்தில் என் கையில் இருந்ததெல்லாம் ‘56 ஏபிஓ’ என்று முடிகிற, ஊர் பெயரே இல்லாத ராணுவத் தபால் முகவரிதான். அந்த நாட்களில் எங்கள் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. லீவில் வந்தவர் பீரோவில் ஏதோ தேடும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டார். சண்டை போடவில்லை. “அப்போ இந்த வீட்டுக்கு நான் விருந்தாளியா?” என்று மட்டும் கேட்டார். அந்த லீவு முழுக்க எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சீட்டு இருந்தது. உங்கள் டிரங்குப் பெட்டியைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் மறைத்தது அன்பினால்தான். ஆனால் உங்கள் கஷ்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், தூரத்தினால் வந்தது பாதி, சொல்லாமல் இருப்பதால் வந்தது பாதி. தூரத்தை நீங்களோ நானோ குறைக்க முடியாது. மற்ற பாதியில் செய்ய நிறைய இருக்கிறது.

முதலில் சம்மன்

‘அவர் லீவில் வரட்டும்’ என்று உங்கள் மாமனார் சொல்வது ஆபத்தான யோசனை. சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது உங்கள் தரப்புப் பதிலை எழுத்தில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். யாருமே ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்ய மனுப் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பாதையில் வேலி விழுந்திருக்கும். வீட்டில் இருக்கும் வயதுக்கு வந்த ஒருவர் வாங்கினாலே சம்மன் சார்பு ஆனதாக, அதாவது உரியவருக்கே சேர்ந்ததாக, எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, அது மனைவியாக இருந்தாலும் சரி. ராணுவ வீரருக்கான சம்மனை அவருடைய கமாண்டிங் ஆபீஸர் வழியாக அனுப்ப வேண்டும் என்றும் சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. உங்கள் வழக்கறிஞர் இதை எடுத்து வைக்கலாம். இதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. எல்லையில் நிற்கும் வீரன் கோர்ட்டுக்கு வர முடியாது என்பதைச் சட்டம் எப்போதோ யோசித்துவிட்டது. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டப்படி, குறிப்பிட்ட பணிச் சூழல்களில் இருக்கும் வீரர் ஆஜராக முடியாது என்று உரிய ராணுவ அதிகாரி சான்று கொடுத்தால், நீதிமன்றம் அவரைப் பொறுத்த நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரும் நீதிமன்றத்துக்கு இதைத் தெரிவிக்கலாம். அவர் இருக்கும் இடம் இந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதை யூனிட்தான் சொல்ல முடியும். இன்னொன்று, 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு. வழக்குக்காக லீவு கொடுத்திருக்கிறோம் என்று ராணுவத்தின் சான்றைக் காட்டினால், கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உங்கள் மாமனாரும் பிரதிவாதி. அப்பா, மகன் இருவருக்கும் இந்த வழக்கில் ஒரே நலன்தான், அப்பாவே மகனுக்கும் சேர்த்து வழக்கைச் சரியாக நடத்துகிறார் என்று நீதிபதி கருதினால், வழக்கை நிறுத்திவைக்காமல் தொடரலாம். அதனால் மாமனார் கட்டாயம் வக்கீல் வைத்து ஆஜராக வேண்டும். கிணற்றில் பங்கு இருப்பதைக் காட்டும் பழைய பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, கிணற்று மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், இவற்றைச் சேர்த்து வையுங்கள். அந்தப் பாதையில் இப்போது வண்டித்தடம் இருந்தால் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள்.

கணவர் சார்பில் நீங்களே வழக்கு நடத்தவும் வழி இருக்கிறது. லீவு கிடைக்காத வீரர், தனக்காக வழக்கு நடத்த ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். கமாண்டிங் ஆபீஸர் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். இதற்காக யாராவது பொது அதிகாரப் பத்திரம் எழுதச் சொன்னால் வாசகத்தை வரிக்கு வரி படியுங்கள். விற்க, அடமானம் வைக்க என்ற சொற்கள் இருந்தால் வேண்டாம். ஒரு கிணற்றுப் பாதைக்காகக் கொடுத்த பத்திரத்தை வைத்து நிலமே கைமாறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய ஆணைக்குழு 2025 ஜூலை 26 அன்று, கார்கில் வெற்றி தினத்தில், ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற பெயரைப் பார்த்து, அது ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். ஆட்சியர் நடத்தும் படைவீரர் குடும்பங்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டம் எப்போது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனிட்டுக்கு எழுதினால் பெயர் கெடுமா?

கெடாது. இந்தப் பயத்தை யார் கிளப்பிவிடுகிறார்களோ தெரியவில்லை, முப்பது வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் நிலத் தகராறு, வழக்கு, உடல்நலக் குறைவு என்று ஜவானின் மனைவி கமாண்டிங் ஆபீஸருக்குக் கடிதம் எழுதுவது புகார் ஆகாது. ஆட்சியருக்கோ காவல் கண்காணிப்பாளருக்கோ யூனிட்டிலிருந்து கடிதம் எழுதி, ‘எங்கள் வீரரின் குடும்பத்துக்கு இந்தப் பிரச்சினை, கவனியுங்கள்’ என்று கேட்பது வழக்கத்தில் உள்ளதுதான். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் குழம்பிப்போன ஜவான்தான் அதிகாரிகளுக்குக் கவலை, கையில் துப்பாக்கியோடு நிற்பவர் அல்லவா? உங்கள் குரலில் ஏதோ மாற்றம் இருப்பதை அவர் ஏற்கெனவே கவனித்திருப்பார். காரணம் தெரியாமல் அவராக எதையாவது கற்பனை செய்துகொள்வதைவிட, கிணற்றுப் பாதை வழக்கு எவ்வளவோ சின்ன விஷயம்.

முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் யூனிட்டின் மூத்த ஜே.சி.ஓ.வான, ஜவான்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கும் சுபேதார் மேஜர் வழியாக விஷயத்தை மேலே கொண்டுபோவார். பேசவே முடியாத நிலை என்றால் நீங்கள் எழுதலாம். அவருடைய படை எண், ரேங்க், பெயர், சம்மனின் நகல், வாய்தா தேதி, இவ்வளவு இருந்தால் போதும்.

ஏடிஎம் கார்டும் பால் காசும்

உங்கள் மாமியாரைக் கெட்டவராக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மகன் 19 வயதில் முதல் சம்பளம் அனுப்பிய நாளிலிருந்து அந்தக் கார்டை வைத்து வீட்டை நடத்தியவர். நீங்கள் வந்த பிறகு யாரும் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அதற்காக இப்படியே தொடர வேண்டும் என்றும் இல்லை. பெற்ற பிள்ளைக்குப் பால் வாங்கக் கைநீட்டி நிற்பதை ஒரு பெண் எத்தனை வருடம் பொறுப்பாள்?

கார்டைப் பிடுங்குகிற சண்டையே வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். மாதாமாதம் குறிப்பிட்ட தொகை தானாகவே உங்கள் கணக்குக்கு வரும்படி, கணவர் அவருடைய வங்கியில் ஒருமுறை ஏற்பாடு செய்தால் போதும். பெற்றோருக்கான தொகையும் அதேபோல அவர்கள் கணக்குக்குப் போகட்டும். இதை மகன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் ஸ்பீக்கரில், எல்லோரும் இருக்கும்போது. “அம்மா, உனக்கு இவ்வளவு, அவளுக்கு இவ்வளவு” என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் மேல் பழி வராது.

இதோடு சேர்த்து அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு, கேட்கக் கூச்சமாக இருக்கும். உங்கள் திருமணமும் மகள் பிறப்பும் அவருடைய பார்ட் டூ ஆர்டரில், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ராணுவ ஆணையில், பதிவாகிவிட்டதா? ராணுவக் குழுக் காப்பீடு, சேமநல நிதி, வங்கிக் கணக்கு, இவற்றில் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, மாற்ற மறந்துபோன பலர் இருக்கிறார்கள். இதைக் கேட்பது அபசகுனம் இல்லை. ஆஸ்பத்திரி, கேன்டீன், பிள்ளையின் பள்ளிச் சலுகை, எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை.

பாலிதீன் கவருக்குள் இருக்கும் போன்

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். 2020 ஜூனில் கல்வானில் 20 பேர் வீரமரணம் அடைந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி. அந்தச் செய்தியைக் கேட்ட எந்த ராணுவக் குடும்பமும் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருக்காது. ஆனால் போன் வராததற்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. லே நகரமே 11,000 அடிக்கு மேல் இருக்கிறது, போஸ்ட்கள் அதற்கும் மேலே. பனிப்புயல் வந்தால் சிக்னல் போகும். கடும் குளிரில் செல்போன் பேட்டரி கண் முன்னாலேயே வடிந்துவிடும். ரோந்துக்குப் போனால் போனைத் தொட முடியாது. பாதுகாப்பு காரணமாக எங்கே இருக்கிறேன், எப்போது நகர்கிறேன் என்று அவர் சொல்லவும் கூடாது. நீங்களும் ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள், ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள்.

அவரிடம் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பேசுவதற்கு முடியாவிட்டாலும் சிக்னல் கிடைக்கும்போது ஒரு புள்ளி வைத்து அனுப்பினால் போதும், ‘நலம்’ என்று அர்த்தம். கிளம்புவதற்கு முன்பே, ‘ஒரு வாரம், பத்து நாள் தொடர்பு இருக்காது’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும். ஏதாவது என்றால் யூனிட்தான் முதலில் குடும்பத்துக்குத் தெரிவிக்கும், அதுதான் முறை. சேனலில் சிவப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. யூனிட்டில் அவரோடு இருப்பவர்களின் மனைவிமார் இரண்டு பேருடைய நம்பரையாவது வாங்கி வையுங்கள். ‘உங்க வீட்டுக்காரர் பேசினாரா?’ என்று கேட்க ஒருவர் இருப்பது செய்திச் சேனலைவிட எத்தனையோ மடங்கு நல்லது.

அப்புறம் தூக்கம். ஆறு கிலோ இளைப்பு, மூன்று மணி முழிப்பு, எழுந்திருக்கப் பிடிக்காத காலை. இவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை கூட இப்படிக் காட்டும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்பது எப்போதாவது உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று மாறினால், ராத்திரி எத்தனை மணியானாலும் அந்த எண்ணுக்குப் பேசுங்கள், பக்கத்து அறையில் இருக்கும் மாமியாரையும் எழுப்புங்கள். அந்த நேரத்தில் கார்டும் கிடையாது, கோபமும் கிடையாது.

‘ஃபோன் அப்பா’

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அப்பா என்பவர் உள்ளங்கை அளவு திரையில் சிரிக்கிற ஒரு முகம். ஆறடி உயரத்தில், மீசையோடு, வேறு வாசனையோடு ஒருவர் வந்து தூக்கினால் அழத்தான் செய்யும். அது வெறுப்பு இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், கொல்லைப்புறத்தில் நின்ற மனிதருக்கு இது தெரிய வேண்டும். அடுத்த லீவில் முதல் இரண்டு மூன்று நாள் அவராகத் தூக்க வேண்டாம், தரையில் பாய் போட்டு உட்காரட்டும், அவளாக வருவாள். ஒரே ஒரு வேலையை ‘அப்பா வேலை’ ஆக்குங்கள். செருப்பு மாட்டிவிடுவதோ, கடைக்குக் கூட்டிப்போவதோ, எதுவாக இருந்தாலும் சரி. இப்போதே அவர் குரலில் ஒரு சின்னக் கதையைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, தினமும் தூங்கும்போது போடுங்கள். ‘அப்பா வந்தா சொல்லிடுவேன்’ என்று மட்டும் அவளை மிரட்டாதீர்கள்.

லீவில் வந்ததும் குலதெய்வம், சொந்தக்காரர் கல்யாணம், சர்வேயர், வக்கீல் என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். முதல் வாரம் அவர் தூங்கட்டும். சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழுவார், பேச்சு குறைவாக இருக்கும். மெல்லச் சரியாகும்.

வேலையை விட்டு வரச் சொல்லலாமா?

இப்போது வேண்டாம். ஜவானுக்கு 15 வருடப் பணி முடிந்தால்தான் ஓய்வூதியம். அவருக்கு 11 முடிந்திருக்கிறது. இன்னும் நான்கு வருடம். இன்று வந்துவிட்டால் ஆயுள் முழுக்க வரவேண்டிய பென்ஷனை விட்டுவிட்டு வருகிறார். தூக்கமில்லாத மூன்று மணிக்கு எடுக்க வேண்டிய முடிவும் இல்லை இது. ஃபீல்ட் போஸ்டிங் என்கிற எல்லைப் பணி முடிந்து பீஸ் ஸ்டேஷன் என்கிற அமைதிப் பகுதி நிலையத்துக்கு வந்தால் குடும்பத்தோடு இருக்கலாம். அதற்கு முன்பே, ஃபீல்டில் இருப்பவர்களின் குடும்பத்துக்கென்று சில ராணுவ நிலையங்களில் தனிக் குவார்ட்டர்ஸ் உண்டு, எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் என்பார்கள். வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் விண்ணப்பித்தால்தானே வரிசையில் பெயர் வரும்? அங்கே சுற்றிலும் உங்களைப் போன்ற பெண்கள் இருப்பார்கள். 1966-இல் தொடங்கிய ராணுவ வீரர் மனைவியர் நலச் சங்கம், ‘ஆவா’ என்பார்கள், அதன் கூட்டங்களும் பயிற்சிகளும் அப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கும். வீட்டில் நிலைமை உண்மையிலேயே மோசமானால், காருண்ய அடிப்படையில் இடமாற்றம் கேட்கவும் வழி இருக்கிறது. இந்த வழக்கின் ஆவணங்கள் அதற்கும் பயன்படும்.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், பி.எட். படிக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். படியுங்கள். ஊர் ஏதாவது பேசினால் பேசட்டும்.

அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றீர்கள். நல்ல சிக்னல் உள்ள நாளில், பிள்ளை பேசி முடித்த பிறகு, முதலில் முடிந்த வேலையைச் சொல்லுங்கள், அப்புறம் அவர் செய்ய வேண்டியதை. நான் என்றால் இப்படிச் சொல்வேன்:

“ஏங்க, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கிணத்துப் பாதைக்கு உங்க அண்ணன் கேஸ் போட்டிருக்கார். சம்மன் வந்து மூணு வாரம் ஆகுது, உங்களுக்குக் கவலையாகுமேன்னு நான் சொல்லாம விட்டுட்டேன், அது என் தப்பு. மாமாவைக் கூட்டிட்டு திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறேன். நீங்க ரெண்டு வேலை செய்யணும். கமாண்டிங் ஆபீஸர் சாரைப் பாத்து கோர்ட்டுக்குக் காட்ட சர்டிஃபிகேட் கேளுங்க. உங்களுக்காக நான் வழக்கு நடத்த அதிகாரம் கொடுத்து ஒரு லெட்டர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பணம் விஷயம் ஒண்ணு இருக்கு, அதை அடுத்த தடவை பேசலாம். இப்ப நீங்க சாப்பிட்டீங்களா?”